ஹோட்டல் பட்டியல் படித்த அம்மா

மாலைப் பத்திரிகை கைக்கு வந்ததும் ஹேரியட் ஜேக்கப்ஸ் முதலில் தேடியது ஹோட்டல் பட்டியலைத்தான். 1850களின் தொடக்கம், நியூயார்க். அமெரிக்காவின் தெற்கே அடிமையாகப் பிறந்து, அங்கிருந்து தப்பி வந்தவர் அவர். எந்த ஊரிலிருந்து யார் வந்து எந்த ஹோட்டலில் இறங்கியிருக்கிறார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் பெயர் பெயராக அச்சிட்டுக்கொண்டிருந்தன. ஜேக்கப்ஸ் அதில் தெற்கத்திக்காரர்களைத் தேடுவார். குறிப்பாக, வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சின்னத் துறைமுக ஊர்க்காரர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று.

நான் பிழைப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் படிப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று தெரியும். மூன்றாவது பக்கத்திலேயே கண் தானாக நழுவ ஆரம்பித்துவிடும். தப்பி வந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆன பிறகும், ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நடுவில், ஒரு பெண் இதைத் தினமும் செய்தாள் என்று படித்தபோது, அவருடைய வாழ்க்கையில் வேறு எதையும்விட இந்த விஷயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

தப்பித்தாயிற்று, கதை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆறு தாண்டினாள், கப்பல் ஏறினாள், சுதந்திர மண்ணில் கால் வைத்தாள், சுபம். தாயாக இருப்பவளுக்கு அங்கே எதுவும் முடிவதில்லை. அவளுடைய பயம் அதற்குப் பிறகுதான் முழு நேர வேலையாகிறது.

ஏன் என்று புரிய அந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறப்பது அடிமைதான் என்று வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டமாக்கிவிட்டார்கள். அப்பன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. எஜமானனே அப்பனாக இருந்தாலும் பிள்ளை அவனுடைய சொத்துக் கணக்கில் சேரும். மற்ற அடிமை மாநிலங்களிலும் இதே விதிதான். ஆக, தாய் தப்பி ஓடி வடக்கே போய், அங்கே கல்யாணம் செய்து, குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்றாலும், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தெற்கே இருக்கும் யாரோ ஒருவனுக்குச் சொந்தம். 1850-ல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் இதற்குப் பல் முளைக்க வைத்தது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி கிடையாது. விசாரிக்கும் ஆணையர், ஆளைத் திருப்பி அனுப்பினால் அவருக்குக் கட்டணம் 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர். அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

சட்டம் வந்த செப்டம்பர் மாதமே நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹேம்லெட் என்பவரைப் பிடித்துத் தெற்கே அனுப்பினார்கள். ஊர் கூடி 800 டாலர் திரட்டி அவரை விலைக்கு வாங்கி மீட்டது. அந்த நாட்களில் பல கணவன்மார்களுக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரியவந்தது என்று ஜேக்கப்ஸ் எழுதுகிறார்: தன் மனைவி பல வருடங்களுக்கு முன் தப்பி வந்தவள். அதனால் தன் பிள்ளைகளையும் நாளைக்கே யாராவது வந்து இழுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பெண்கள் அத்தனை வருடம் கட்டிய கணவனிடம்கூட வாய் திறக்காமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சமைத்து, துவைத்து, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டிருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். டியூஷன் முடிந்து வர பத்து நிமிஷம் தாமதமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பேன். இதையும் அதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு வாய் வராது. என் பயத்தில் பாதி கற்பனை. அவர்களுடையது அரசிதழில் அச்சான பயம்.

ஜேக்கப்ஸ் பிறந்தது 1813-ல், ஈடன்டனில். ஆறு வயதில் தாய் போய்விட்டாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த எஜமானி 1825-ல் இறந்தபோது, தன் சகோதரி வீட்டு மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு உயில் எழுதிவைத்தாள்: ஹேரியட், கூடவே ஒரு இழுப்பறை அலமாரி, ஒரு தையல் மேஜை. மேஜையோடு மேஜையாகப் போய்ச் சேர்ந்த இடம் டாக்டர் ஜேம்ஸ் நார்கம் வீடு. அந்த மூன்று வயதுக் குழந்தையின் அப்பன் அவன். சட்டப்படி குழந்தைதான் உரிமையாளர், அதிகாரம் பண்ணியது அவன். (இந்த மைனர் விவகாரம் இருபத்தேழு வருடம் கழித்துத் திரும்பிவந்து கடிக்கும், அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.) பெண் வயதுக்கு வந்ததும் நார்கம் காதில் ஆபாசமாக ஓத ஆரம்பித்தான். அவனிடமிருந்து தப்பிக்க, சாமுவேல் சாயர் என்ற வெள்ளைக்கார வக்கீலோடு உறவு வைத்துக்கொண்டார் ஜேக்கப்ஸ். ஜோசப், லூயிசா என இரண்டு பிள்ளைகள். அந்த முடிவைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் வெட்கமும் இருக்கிறது, விட்டுக்கொடுக்காத ஒரு வீம்பும் இருக்கிறது.

1835-ல் நார்கம் அவரைத் தன் மகனின் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினான். பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து ‘பழக்கப்போகிறார்கள்’ என்று காதில் விழுந்த அன்றே ஜேக்கப்ஸ் ஓடிவிட முடிவு செய்தார். அவர் போட்ட கணக்கை நான் இரண்டு மூன்று முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தான் இருக்கும்வரை, தன்னை மடக்கப் பிள்ளைகள்தான் நார்கமுக்குத் தூண்டில். தான் காணாமல் போனால் அந்தத் தூண்டிலுக்கு வேலை இல்லை. தாயில்லாத இரண்டு சின்னஞ்சிறுசுகளை வைத்துச் சோறு போடுவது நஷ்டம் என்று அவனே விற்றுவிடுவான். அப்போது சாயர் வாங்கிக்கொள்ளட்டும். அதாவது, பிள்ளைகளைக் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி, அவர்களை விட்டுப் போவது.

கணக்கு கடைசியில் சரியாக வந்தது, லேசில் வரவில்லை. நார்கம் 100 டாலர் சன்மானம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். முடி எப்படிச் சுருண்டிருக்கும், தையல் தெரிந்தவள், நன்றாக உடுத்துவாள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளையும் ஜேக்கப்ஸின் தம்பியையும் சிற்றன்னையையும் பிடித்துச் சிறையில் போட்டான். பிறகு பொறுமை இழந்து ஒரு வியாபாரியிடம் விற்றான். அந்த வியாபாரி சாயரின் ஆள். பிள்ளைகள் பாட்டி மாலி ஹார்னிப்ளோ வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தாய் அதே வீட்டில், அவர்கள் தலைக்கு மேலே இருந்தார்.

சாமான் அறைக்கு மேலே, கூரைச் சரிவுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பொந்து. ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், அதிக உயரமான இடத்தில் மூன்றடி. நிமிர்ந்து நிற்க முடியாது. புரண்டு படுத்தால் கூரை இடிக்கும். எலிகள், கோடையில் ஊசிமுனை அளவு செம்பூச்சிகள், மழைக்கு ஒழுகல், குளிருக்கு விறைத்துப்போகும் கால். ஏறக்குறைய ஏழு வருடம். மாமா ரகசியக் கதவு செய்தபோது விட்டுப்போன ஒரு துளையூசி இருட்டில் தலையில் இடித்தது. அதை வைத்துத் தெருப்பக்கப் பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டு, நடுவில் இருந்த மரத்தைக் குடைந்து ஒரு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை செய்துகொண்டார். பிள்ளைகள் தெருவில் விளையாடுவதைப் பார்க்க அந்த ஓட்டை. எதிரே நார்கம் நடந்துபோவதும் அதே ஓட்டையில் தெரியும்.

கிறிஸ்துமஸ் சமயம். அந்த இருட்டில் தடவித் தடவிப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி தைத்து, பொம்மை செய்து, பாட்டி மூலம் கொடுத்தனுப்பினார். மறுநாள் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தபடி அவர்கள் பேசுவதைக் கேட்கிறார். சான்டா கிளாஸ் என்று யாரும் இல்லை, அம்மாக்கள்தான் வைக்கிறார்கள் என்கிறான் கூட விளையாடும் பையன். அப்படி இருக்க முடியாது என்கிறான் ஜோசப். எனக்கும் தங்கச்சிக்கும் புதுத்துணி வந்திருக்கிறதே, எங்கள் அம்மாதான் போய் ரொம்ப நாளாயிற்றே.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாவலாசிரியை இருந்திருந்தால் தாயை அழவிட்டிருப்பார். ஜேக்கப்ஸுக்கு அழக்கூட வசதி இல்லை, சத்தம் கேட்டுவிடும்.

வருடங்கள் ஓடி, 1842-ல் கப்பல் ஏறும் வழி கிடைத்தபோதுதான் தெரிந்தது, ஜோசப்புக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்று. ஒருநாள் விறகுக் கொட்டகைப் பக்கம் மேலே யாரோ இருமுவது அவன் காதில் விழுந்திருக்கிறது. அம்மாதான் என்று ஏன் தோன்றியது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து பாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. தங்கை மற்றப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் விளையாடப் போனால் நைசாகப் பேசி வீட்டின் மறுபக்கம் கூட்டிப் போய்விடுவான், இருமல் அவர்கள் காதில் விழக்கூடாது என்று. நார்கம் காவல்காரர்களோடு நின்று பேசினால் உடனே போய்ப் பாட்டியிடம் சொல்வான். பிள்ளையைக் காவல் காக்கிறோம் என்று தாய் மேலே கிடக்க, கீழே பிள்ளை தாயைக் காவல் காத்திருக்கிறது. தாயின் பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அதைப் பிள்ளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று எழுதியவர்கள் குறைவு.

இந்த இடத்தில் மார்கரெட் கார்னரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தாயின் பயம் என்றாலே எல்லோரும் எடுப்பது அவர் கதையைத்தான்.

1856 ஜனவரி, கென்டக்கி மாநிலம் பூன் கவுன்டி. அந்த வருடக் குளிரில் ஓஹியோ ஆறு உறைந்து கெட்டித்திருந்தது. 27-ஆம் தேதி இரவு பதினேழு பேர் கிளம்பினார்கள். மார்கரெட், கணவர் ராபர்ட், அவருடைய பெற்றோர், நான்கு பிள்ளைகள் ஆக எட்டுப் பேர் ஒரு குடும்பம். பனிக்கட்டி மேல் நடந்து சின்சினாட்டியில் உறவினர் எலைஜா கைட் வீட்டில் ஒதுங்கினார்கள். மற்ற ஒன்பது பேர் தனியே பிரிந்து கனடா போய்ச் சேர்ந்தார்கள். அடுத்து எங்கே போவது என்று கைட் யோசனை கேட்கப் போய்த் திரும்பி வந்த சற்று நேரத்தில், எஜமானன் ஆர்ச்சிபால்ட் கெய்ன்ஸும் மார்ஷல்கள் எனப்படும் அரசு அதிகாரிகளும் வீட்டைச் சூழ்ந்தார்கள். கதவு உடைந்தது. இரண்டு வயது மகள் மேரியைக் கசாப்புக் கத்தியால் மார்கரெட் கொன்றிருந்தார். மற்றப் பிள்ளைகளையும் முடிக்கப் பார்த்தார், அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்த விசாரணை வாரக்கணக்கில் இழுத்தது. வக்கீல் ஜான் ஜோலிஃப் போராடியது எதற்குத் தெரியுமா? மார்கரெட் மேல் கொலைக் குற்றம் சாட்டி ஓஹியோவிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பதற்கு. கொலை செய்தாள் என்றால் அவள் மனுஷி, குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம். இல்லையென்றால் அவள் சொத்து, வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பலாம். பெண்ணுரிமைப் பேச்சாளர் லூசி ஸ்டோன் அதே நீதிமன்ற அறையில் எழுந்து, அந்தப் பிள்ளைகளின் வெளிறிய நிறத்தைப் பார்த்தாலே அடிமைப் பெண்களின் கதி தெரியவில்லையா என்று கேட்டார். ஆணையர் பெண்டரி, சொத்து என்றே தீர்ப்புச் சொன்னார். மார்ச்சில் தெற்கே கொண்டுபோன வழியில் நீராவிப் படகு இன்னொரு படகோடு மோதியதில் கைக்குழந்தை ஆற்றில் போயிற்று. தாய் அதற்காக மகிழ்ந்தாள் என்று பத்திரிகைகள் எழுதின. 1858-ல் மிசிசிப்பியில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார் மார்கரெட். இனி அடிமையாக இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளாதே என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். பிற்காலத்தில் ராபர்ட் பேட்டியில் சொன்னது.

1867-ல் தாமஸ் நோபிள் என்ற ஓவியர் இந்தக் காட்சியை வரைந்தபோது, நவீன மீடியா என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கிரேக்கக் கதையில் மீடியா புருஷன் துரோகம் செய்ததற்குப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொல்கிறாள். மார்கரெட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவரைப் பேயாகப் பார்ப்பவர்களும் சரி, தாய்த் தெய்வமாக உயர்த்திவைப்பவர்களும் சரி, ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அறையில் நடந்தது புத்தி பேதலித்ததன் விளைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்குழந்தை திரும்பிப் போனால் பதினான்கு, பதினைந்து வயதில் அவளுக்கு என்ன நடக்கும் என்று மார்கரெட்டுக்கு நிச்சயமாகத் தெரியும். கேள்விப்பட்டுத் தெரிந்ததல்ல.

இது ஊகம் என்று நினைப்பவர்கள் ஜேக்கப்ஸைப் படிக்கலாம். பொறுமைசாலி, நிதானமானவர், கத்தி எடுக்காதவர். அவரே எழுதுகிறார்: தோட்டத்தில் மற்றக் குழந்தைகள் அடிவாங்குவதைத் தினமும் பார்த்துவிட்டு, இரவில் தன் மகள் பக்கத்தில் படுக்கும்போது, இவள் அடிபடுவதைப் பார்ப்பதைவிடச் சாவதைப் பார்ப்பது எளிது என்று தோன்றியதாம். ஆற்றங்கரை வீட்டு மார்கரெட்டும் கூரைப் பொந்து ஹேரியட்டும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒளிந்துகொள்ளப் பாட்டியின் வீடும் விலை கொடுத்து வாங்க ஒரு வக்கீலும் ஏழு வருட அவகாசமும் இருந்தன. மற்றவருக்குக் கதவு உடையும் நேரம் மட்டும்தான்.

நியூயார்க்குக்கு வருவோம். நார்கம் 1850-ல் இறந்துவிட்டான். ஆனால் உயிலில் வந்த அந்த மூன்று வயதுக் குழந்தை வளர்ந்து கல்யாணமாகி, கணவனுக்குப் பணமுடையும் வந்திருந்தது. 1852-ல் ஒருநாள் மாலை பத்திரிகை பார்க்க மறந்துபோய், மறுநாள் காலையில் ஜேக்கப்ஸ் எடுத்துப் பார்த்தால், கணவனும் மனைவியும் ஊரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். மறந்தது அந்த ஒரே ஒரு நாள்தான். இங்கேதான் அந்த மைனர் விவகாரம் கடித்தது. பிள்ளைகளை விற்றது நார்கம். ஆனால் தாய் அவனுடைய மகளுக்குச் சொந்தம் என்றால் பிள்ளைகளும் அவளுக்குத்தான் சொந்தம். அப்போது அவள் மைனர், ஆகவே அந்த விற்பனை செல்லாது என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தான் கணவன். பதினேழு வருடம் முன்பு அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பிள்ளைகள் மறுபடியும் கைவிட்டுப் போகும் நிலை.

அவர் வேலை செய்த வீட்டு எஜமானி கார்னீலியா வில்லிஸ் இதற்கு முந்தைய ஒரு தேடலின்போதே செய்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. தன் கைக்குழந்தையை எடுத்து ஜேக்கப்ஸ் கையில் கொடுத்து, இதையும் கூட்டிக்கொண்டு போ என்றார். வழியில் பிடிபட்டால் குழந்தையை என்னிடம் கொண்டுவந்து ஒப்படைத்தே ஆக வேண்டும், அப்போது எனக்குத் தெரிந்துவிடும், ஏதாவது செய்து உன்னை மீட்கப் பார்ப்பேன் என்று. ஓடிப்போகும் அடிமைக்குத் துணையாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை! இந்தத் தடவையும் கொட்டும் பனியில் குழந்தையோடுதான் நியூ இங்கிலாந்துக்குக் கிளம்பினார் ஜேக்கப்ஸ். கடைசியில் கார்னீலியா ஆள் வைத்து 300 டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். பிள்ளைகள் மேல் உள்ள உரிமைப் பேச்சும் அதோடு முடிந்தது. ஜேக்கப்ஸுக்குத் தோளிலிருந்து பாரம் இறங்கியது, கூடவே கோபமும் வந்தது. தனக்கே சொந்தமான தன்னை யாரோ விலை பேசி வாங்கிவிட்டார்கள், அதுவும் நியூயார்க் நகரத்தில், ரசீதோடு. அந்தக் கோபத்தை மறைக்காமல் எழுதியிருப்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

ஒரு பயம் மட்டும் எந்தச் சட்டத்தையும் சாராதது. லூயிசா உறைவிடப் பள்ளிக்குக் கிளம்பும் முன், தன் அப்பா யார், தான் எப்படிப் பிறந்தாள் என்று மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஜேக்கப்ஸ் பல நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறார். எங்கே மகள் தன்னை வெறுத்துவிடுவாளோ என்று நடுக்கம். கடைசி இரவில் ஆரம்பித்தால், மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மேற்கொண்டு சொல்லாதே அம்மா என்கிறாள். எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு அவர் ஒன்றுமில்லை, என் அன்பு முழுவதும் உனக்குத்தான்.

ஜோசப்பைப் போலத்தான் லூயிசாவும். ஏழு வயதுக்குள், வடக்கே கிளம்பும் முந்தின இரவு சாமான் அறையில் அம்மாவோடு படுத்து எழுந்துவிட்டு, அந்த ரகசியத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள் அவள். இந்த வீட்டில் யார் யாருக்குப் பயந்து யாரிடம் எதை மறைத்தார்கள் என்று பட்டியல் போட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

ஜேக்கப்ஸ் தன் கதையை 1861-ல் புனைபெயரில் வெளியிட்டார். வெகுகாலம் அது கட்டுக்கதை என்றே பலர் நம்பினார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களை வைத்து ஒவ்வொரு பெயராக நிரூபித்தார். அந்தக் கூரைக்கடியில் வளர்ந்த ஜோசப், தங்கம் தேடிக் கலிபோர்னியா போய், பிறகு ஆஸ்திரேலியா போனார். உள்நாட்டுப் போர் சமயத்தில் அவரிடமிருந்து கடிதங்கள் நின்றுபோயின. லூயிசா அம்மாவோடு சேர்ந்து வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் விடுதலையான அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1897-ல் வாஷிங்டனில் ஜேக்கப்ஸ் இறக்கும்வரை மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார்.